5 மணிக்கு எழுந்தும் தலை மந்தமாக இருக்கிறதா?

7 மணிக்கு எழுந்துகொண்டிருந்த நீங்கள் இப்போது 5 மணிக்கு அலாரம் வைக்கிறீர்கள், ஞாயிறு மட்டும் 10 மணி வரை தூங்குகிறீர்கள், ஆனாலும் தலை தெளியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 5 மணி அலாரத்தை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். 7-லிருந்து ஒரே நாளில் 5-க்குத் தாவினால் உடம்பு ஒத்துழைக்காது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், படுக்கும் நேரத்தையும் சேர்த்து.

எழுந்த பிறகும் 9 மணி வரை எதுவும் ஓடவில்லை என்கிறீர்கள். ஞாயிறு 10 மணி வரை தூங்குவதுதான் அதற்குக் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். அன்று இரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் காலை அலாரம் அரைத் தூக்கத்தில் அடிக்கும்.

ஒரு வாரம் இதைப் பாருங்கள்: ஞாயிறும் அதே நேரம் எழுந்து, உடனே வெளிச்சத்துக்கு வாருங்கள். மாலைக் காபி வேண்டாம். குடித்து சுமார் 5 மணி நேரம் ஆனாலும் பாதி கஃபீன் உடம்பில் இருக்கும்.

தூக்கத்தை 7 மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அது அலாரத்தால் தீராது.