மேயரும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை!

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற மலையூரில் செல்போன் எடுக்காதாமே, மேயரும் கிடையாதாமே. ஏன்? – வாசகி, கரூர்

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. மேற்கு வர்ஜீனியாவின் அலெகேனி மலைப்பகுதியில், போகஹான்டஸ் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருக்கும் சிற்றூர் அது. நகராட்சியாகப் பதிவாகவில்லை; ஆகவே மேயரும் நகர்மன்றமும் இல்லை, ஊர்க் காரியங்களைக் கவுண்டி பார்த்துக்கொள்கிறது.

செல்போன் விஷயத்துக்குக் காரணம் அங்குள்ள 100 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. வானிலிருந்து வரும் ரேடியோ அலைகள் அவ்வளவு மெலிதானவை. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கசிவே அவற்றை மூழ்கடித்துவிடும். இந்த இடைஞ்சலைத் தடுக்கத்தான் 1956-ல் மாநிலச் சட்டமும், 1958-ல் அலைபரப்பைக் கட்டுப்படுத்தும் 13,000 சதுர மைல் 'ரேடியோ அமைதி மண்டலமும்' வந்தன. தரைவழித் தொலைபேசிக்கும் கம்பிவழி இணையத்துக்கும் தடையில்லை.

தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிகள்தான் ஓடும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கின் பொறி ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். டீசலில் அந்தப் பிளக்கே இல்லை.

ரேடியோ இரைச்சலில் பலர் நினைக்காத குற்றவாளி மாட்டுக்குப் போடும் மின்வேலி. கம்பியில் புல் உரசினாலும், கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் (மின்சாரம் கசியாமல் தடுக்கும் துண்டு) விரிசல் விட்டாலும், முடிச்சு தளர்ந்தாலும் பொறி தெறிக்கும். பழுதைப் பிடிக்க ஒரு ஏ.எம். ரேடியோ போதும்: நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து வேலியோரம் நடக்க வேண்டும். சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று கேட்கும். பழுதை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். புல்லை வெட்டி, இன்சுலேட்டரை மாற்றி, முடிச்சை இறுக்கினால் ஓசை நின்றுவிடும்.