கியர் ஆடுகிறது, கராஜ் கைவிரிக்கிறது: அல்சூர் வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். 2006 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன், மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கியர் லிவர் தொளதொளவென்று ஆடியது. மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினால் நான்கில் போய் விழும். ஒரு கராஜில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்று சொல்லி 1,86,000 ரூபாய்க்கு பில் போட்டார்கள். 1,48,000 கட்டிவிட்டேன், 38,000 பாக்கி. வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரும்போதே அதே ஆட்டம். கேட்டால், "இருபது வருஷ வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வேறொரு மெக்கானிக் அடியில் பார்த்துவிட்டு, கியர் கேபிளின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் கப் தேய்ந்திருக்கிறது, 22,000 ரூபாயில் முடித்துவிடலாம், வேண்டுமானால் லிவரின் அசைவைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டரும் போடலாம் என்கிறார். பழைய கராஜின் பில்லில் "பழைய வாகனங்களுக்கு வாரண்டி கிடையாது" என்று அச்சாகியிருக்கிறது. கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்குமே என்று பில்லை என் கம்பெனி பெயரில் வாங்கினேன். மோசடி வழக்குப் போடலாமா? "மறுபடி கொண்டு வாங்க, பார்க்கிறோம்" என்கிறார்கள், விடலாமா?

பதில்: அந்த 22,000 ரூபாய் வேலையை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். தேய்ந்துபோன அந்த பிளாஸ்டிக் கப்தான் உங்கள் வழக்கு. அதைக் கழற்றிக் குப்பையில் போட்ட மறுநாள் உங்கள் கையில் வெறும் பில்லும் கோபமும்தான் மிஞ்சும்.

ஏன் என்று சொல்கிறேன். சேவையில் குறை இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. உச்ச நீதிமன்றம் 2021-லும் இதைத் திரும்பச் சொல்லியிருக்கிறது. "வேலை சரியில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள், "கியர்பாக்ஸும் கெட்டிருந்தது, அதைச் சரி செய்தோம், கேபிள் அப்புறம் தேய்ந்தது" என்று அவர்கள் சொல்வார்கள். புகாரை விசாரிக்கும் நுகர்வோர் கமிஷனில் உட்கார்ந்திருப்பவர் மெக்கானிக் அல்ல.

உங்கள் காரில் லிவர் நேராகக் கியர்பாக்ஸின் மேல் உட்காருவதில்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. லிவரிலிருந்து இரண்டு கேபிள்கள் பின்னால் போகின்றன. ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டு அசைவுக்கு. கேபிள் நுனியிலுள்ள கப்போ லிவருக்கு அடியிலுள்ள புஷ் என்ற தாங்கு வளையமோ தேய்ந்தால் லிவர் ஆடும், பக்கவாட்டில் குறி தப்பும். இரண்டுக்குப் போட்டது நான்கில் விழுவது இந்த ஜாதி. கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ போயிருந்தால் கதை வேறு: கியர் மாற்றும்போது கரகரக்கும், போட்ட கியர் தானாக வெளியே துள்ளும். உங்கள் கடிதத்தில் கரகரப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு லிவரை ஆட்டிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். அப்படியிருக்க, லிங்கேஜை, அதாவது லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரையுள்ள இந்த இணைப்பைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கினார்களா என்பதுதான் கேள்வி. பார்த்தார்கள் என்றால் செய்த வேலையைக் குறித்து வைக்கும் ஜாப் கார்டில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகலை இன்றே கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். "தூக்கிப் போட்டுட்டோம்" என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், அதுவும் ஆதாரம்தான்.

அப்புறம் ஒரு சுயேச்சையான ஆய்வு. இரண்டாவது மெக்கானிக்கே நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் வேலையைப் பிடிப்பதற்காகச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு அவரைத் தள்ளிவிடும். லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயரையோ, ஆட்டோமொபைல் என்ஜினீயர் ஒருவரையோ வைத்து, போட்டோவோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஆய்வு எந்த நாள், எந்த நேரம், எங்கே என்பதைப் பழைய கராஜுக்கு ஒரு வாரம் முன்பே ஸ்பீட் போஸ்ட்டில் தெரிவியுங்கள். அவர்கள் வரமாட்டார்கள். வராததுதான் நமக்கு வேண்டும். பிறகு கேபிளை மாற்றினாலும், கழற்றியதைப் பையில் போட்டு, தேதி எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். லிவர் ஆடும் வீடியோவுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான ஒரு சான்றிதழும் சேர்த்துவிடுங்கள். நுகர்வோர் கமிஷன் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பிடிப்பதில்லை, ஆனாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு ஆட்சேபணை குறையும்.

சரி, கம்பெனி பெயரில் வாங்கிய பில். இதில்தான் எனக்குக் கொஞ்சம் தலைவலி. 13 பேருக்கு மிகாத பயணிகள் வாகனத்துக்கும் அதன் ரிப்பேருக்கும் ஜிஎஸ்டி கிரெடிட்டைச் சட்டத்தின் 17(5) பிரிவு பொதுவாகத் தடுத்துவிடுகிறது. ஆக, கிடைக்காத கிரெடிட்டுக்காக உங்கள் எதிரிக்கு ஒரு ஆயுதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோர் இல்லை என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, அவர்கள் முதல் பக்கத்திலேயே அதைத்தான் எழுதுவார்கள். ஆனால் அதே பிரிவில், சேவையைப் பணம் கொடுத்துப் பெற்றவரின் சம்மதத்தோடு அதை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால், பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போயிருந்தால், புகாரைத் தனிமனிதராக உங்கள் பெயரிலேயே போடுங்கள். கம்பெனியிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம் இணையுங்கள். கிரெடிட்டை ஏற்கெனவே கணக்கில் எடுத்திருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், பிறகு என்னைப் போன்றவர்களைப் பாருங்கள்.

"வாரண்டி கிடையாது" என்ற அந்த வரி உங்களை ரொம்பப் பயமுறுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. தேவையில்லை. போட்ட பாகம் ஆறு மாதம் உழைக்கும் என்று அவர்கள் உறுதி தரவில்லை, அந்த வரிக்கு அவ்வளவுதான் பொருள். நோயைப் பார்க்காமலே அறுவை செய்யலாம் என்ற அனுமதி அதில் கிடையாது. அந்த வரியையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கேட்டால் மாநில கமிஷனுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த வம்பு வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவின் கீழ் சேவைக் குறை என்று மட்டும் நில்லுங்கள்.

வண்டியை மறுபடி விடலாமா? வெறுங்கையோடு விடாதீர்கள். 38,000 பாக்கி இருக்கிறது. ஒரு பொருளின் மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணத்தில் ஒரு தையல்காரர் வருகிறார்: கோட் தைத்த உடனே தருகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் கோட்டைப் பிடித்து வைக்கும் உரிமை இல்லை. நீங்களும் அப்படி ஒன்று எழுதி வாங்குங்கள்: "இந்த மறுவேலைக்குக் கட்டணம் இல்லை, முடிந்த உடனே வண்டியைத் தருகிறோம், பழைய பாக்கி தகராறில் இருக்கிறது." கையெழுத்துப் போட மறுத்தால் வண்டி உங்கள் பார்க்கிங்கிலேயே நிற்கட்டும். ஆய்வு முடிவதற்கு முன்னால் எந்தக் கையெழுத்துக்கும் விடாதீர்கள்.

மோசடி வழக்கு வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். தப்பாகக் கணித்த மெக்கானிக் மோசடிக்காரர் ஆகிவிடமாட்டார். இறக்காத கியர்பாக்ஸை இறக்கியதாக பில் போட்டார்கள் என்று ஆய்வில் தெரிந்தால் அப்போது பேசலாம்.

ஷார்ட் ஷிஃப்டரைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கியர் லிவரின் நீளம் ஆர்.சி.யில் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஆனால் வழக்கு முடியும்வரை அந்த ஆசையைத் தள்ளி வையுங்கள், லிங்கேஜில் கை வைத்ததே நீங்கள்தான் என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

எங்கே போவது? 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் பாதி கராஜ்கள் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வரவில்லை என்றால் பெங்களூரு நகர்ப்புற மாவட்ட நுகர்வோர் கமிஷன். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை மாவட்ட கமிஷனின் எல்லை, 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கன்னடம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கொடுக்கலாம். கட்டிய 1,48,000, ஆய்வுச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, பாக்கி 38,000 தர வேண்டியதில்லை என்ற உத்தரவு: இவற்றைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு இருபது லட்சம் கேட்டால் உண்மையான கோரிக்கையும் நகைப்புக்கு இடமாகிவிடும். வேலை கொஞ்சமாவது நடந்திருக்கிறது என்று கண்டால் முழுத் தொகையும் வராமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். பொருளைச் சோதிக்க வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும் சோதிக்க வேண்டியதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் போட, வண்டியைக் குறையோடு திரும்பப் பெற்ற நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆய்வு வரை ஓட்டாதீர்கள். மூன்றிலிருந்து இரண்டு நான்காக விழுந்தால் வண்டி தடுமாறும், அவ்வளவுதான். ஓசூர் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஐந்திலிருந்து நான்குக்குப் போட்டது இரண்டில் விழுந்தால் என்ஜின் தாங்காது, அந்தச் செலவையும் கராஜ் உங்கள் தலையில்தான் கட்டும். இன்று சாயங்காலமே ஓடோமீட்டரை, தேதி தெரியும்படி அன்றைய நாளிதழோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.