சாகத் துடிக்கும் வீரனை மற்றவர்கள் வெறுக்காமல் ஆடுவது எப்படி?

கேள்வி: போயா நாள்களில் கல்லடியில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டும் கதை விளையாட்டை ஆடுகிறோம். என்னுடைய பாத்திரம் மானம் இழந்த குள்ளர் இனத்துப் பார்பேரியன், அதாவது வெறிகொண்டு சண்டை போடும் வீரன். போரில் செத்தே அதைத் துடைப்பேன் என்று சத்தியம் செய்தவன். கதவைக் கண்டால் முதல் ஆளாய் ஓடுவான், பின்வாங்கச் சொன்னால் மாட்டான். இப்போது கிளெரிக் (மந்திரத்தால் காயம் ஆற்றும் பூசாரி) ஆடுபவர் "இனி உனக்கு வைத்தியம் இல்லை" என்கிறார், டீஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆளையே மாற்றச் சொல்கிறார். மாற்றாமல் ஆட வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. சாக வேண்டும் என்று உங்கள் ஆள் சத்தியம் செய்திருக்கிறான், ஆனால் எந்தச் சாவு செல்லாது என்று அவன் சொல்லவேயில்லை. அதனால் எலிக்கூட்டமும் ஒன்றுதான், டிராகனும் ஒன்றுதான் என்று எல்லாவற்றிலும் பாய்கிறான்.

வடமோடிக் கூத்தில் பாரதப் போர் பார்த்திருப்பீர்கள். அபிமன்யு விழுந்த பிறகு அருச்சுனன் செய்யும் சபதத்தைக் கவனியுங்கள்: நாளை பொழுது சாய்வதற்குள் சயிந்தவனைக் கொல்வேன், இல்லையேல் தீயில் இறங்குவேன். எதிரி யார், கெடு எப்போது, தவறினால் என்ன என்று மூன்றுமே அதில் இருக்கின்றன. அதனால்தான் மறுநாள் களம் முழுவதும் அந்தச் சபதத்துக்காகவே ஓடுகிறது. உங்களுடையவனுக்கும் இதே மாதிரி மூன்று வரி எழுதுங்கள்.

முதல் வரி, எப்படிப்பட்ட எதிரி. உங்கள் லெவலை விடக் குறைந்தது இரண்டு கூடிய சவால் எண் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள எதிரி என்று வைத்துக்கொண்டால் டீஎம்முக்கும் கணக்குத் தெளிவாக இருக்கும். கொப்ளின் போன்ற அற்பப் பூதத்தின் கையால் சாவது அவனுக்கு இன்னொரு மானக்கேடு. இரண்டாவது, அவனைச் சாகவிடாமல் பிடித்து வைக்கும் கடன். அது குழுவில் ஒருவரிடம் பட்டதாக இருக்கட்டும்: "இவள் ஊர் போய்ச் சேரும்வரை என் உயிர் எனதல்ல" என்பது போல. செஞ்சோற்றுக் கடன் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாவது, சத்தியம் அவனை மட்டுமே கட்டும். ஒளிந்து போய்க் குத்துவது அவனுக்கு ஆகாது என்றால் அவன் வாசலில் காவல் நிற்கட்டும், திருடன் ஆடுபவரின் கையைப் பிடிக்கக் கூடாது. மானத்தின் பேரில் மற்றவர்களின் திட்டத்தைக் குழப்புவதுதான் மேசையில் அதிகம் கோபம் கிளப்புவது. துணிச்சலை யாரும் வெறுப்பதில்லை.

வார்ஹாமர் என்ற இன்னொரு விளையாட்டு உலகத்தின் ஸ்லேயர் குள்ளர்களும் இந்த வகைதான். அவமானப்பட்டு, உச்சிக் குடுமி மட்டும் விட்டுத் தலையை மழித்து, அதைச் செம்மஞ்சளாகச் சாயமிட்டு, பெரிய எதிரியைத் தேடிப் போகிறவர்கள். அங்கே ரசம் எங்கே என்றால், வென்று வென்று பிழைத்துப்போவதே அவர்களுக்கு வெட்கம். ட்ரோலைக் கொன்றுவிட்டு முகம் தொங்கிப்போய் நிற்கும் வீரனை யாரும் வெறுக்கமாட்டார்கள். ஆனால் சாவுப் பேச்சு ஒரு செஷனுக்கு ஒருமுறை போதும்.

இனி விதி. கிளெரிக்கின் கோபம் நியாயமானது. நீங்கள் விழும் ஒவ்வொரு முறையும் அவருடைய மந்திரம் ஒன்று உங்களுக்கே போகிறது. உயிர்ப்புள்ளி பூச்சியமாகி விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடை உருட்ட வேண்டும்; 10 அல்லது மேல் வந்தால் வெற்றி, மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு, 1 விழுந்தால் இரண்டு தோல்வி. மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால் பட்ட அடி கிரிட்டிக்கல் (மிகப் பலத்த அடி), அதுவும் இரண்டு தோல்வி. தனியே முன்னால் ஓடி விழுந்தால் இதுதான் நடக்கும். முதல் லெவலில் இன்னும் மோசம். முழு உயிர்ப்புள்ளி 12, மிச்சம் 5 என்று வையுங்கள். ஒரே அடியில் 17 பட்டால், பூச்சியத்துக்குக் கீழே போகும் 12 முழுப்புள்ளிக்குச் சமமாகிறது. பகடையே கிடையாது, அங்கேயே முடிவு. ஓகர் என்ற அரக்கனின் தடியடி 20 வரை போகும்.

ஆகவே கிளெரிக்கை நம்பாமல் ஹீலிங் போஷன் என்ற காயம் ஆற்றும் மருந்து இரண்டு சொந்தக் காசில் வாங்குங்கள். ஒன்று 50 பொற்காசு. நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி 2 கூட்டினால் திரும்பும் புள்ளி. சாகத் துடிப்பவன் மருந்து குடிப்பானா என்று கேட்டால், தகுதியான எதிரி வருமுன் சாக அவனுக்கு அனுமதியில்லை, கட்டாயம் குடிப்பான். துணிச்சலைக் காட்ட இரண்டாம் லெவலில் வரும் ரெக்லெஸ் அட்டாக் இருக்கிறது. உங்கள் அடிக்கு அனுகூலம் (பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது), அடுத்த உங்கள் முறைவரை எதிரி உங்களை அடிக்கவும் அனுகூலம். ஆபத்து முழுவதும் உங்கள் தலையில்தான், எதிரியின் அடியும் மற்றவர்களை விட்டு உங்கள் பக்கம் திரும்பும். ரேஜ் என்ற வெறி நிலை இருக்கும்போதும் புள்ளி பாதிக்கு மேல் இருக்கும்போதும் மட்டும் பாவியுங்கள். பின்வாங்கும் நேரத்தில் "மாட்டேன்" என்பதற்குப் பதில் "எல்லாரும் போங்கள், கடைசி ஆள் நான்" என்று சொல்லுங்கள். மானமும் நிற்கும், குழுவும் பிழைக்கும்.

ஆடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யுத்தம் தொடாத வீடு அரிது. வீரச்சாவுப் பேச்சு உங்களுக்கு விளையாட்டாக இருக்கலாம், பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு அப்படி இல்லாமல் போகலாம். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை வையுங்கள். யார் தொட்டாலும் காட்சியைத் தாண்டிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அவன் சாவு எதிரியின் கையால் போரில் மட்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

உண்மையிலேயே சாகவிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று செஷனுக்கு முன்பே டீஎம்மிடம் தனியாகச் சொல்லுங்கள். எதிரியை அதற்கேற்ப அவர் கொண்டுவருவார். கிளெரிக்கிடமும் ஒரு வார்த்தை. செத்தவரை எழுப்பும் ரைஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும், திரும்பி வர ஆன்மாவும் சம்மதிக்க வேண்டும். உங்களுடையவன் சம்மதிக்கமாட்டான் என்றால் அவர் வைரத்தைச் செலவழிக்குமுன் அது தெரிந்திருக்க வேண்டும். அதே லெவலில் இன்னொரு பாத்திரத்தின் கேரக்டர் ஷீட்டும் (விவரத் தாள்) எழுதிப் பையில் வைத்திருங்கள், மிச்ச நேரம் சும்மா குந்தியிருக்க வேண்டி வராது.