ராட்வீலர் வளர்ப்பது குற்றமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாசகர் ஒருவர் இரண்டு வயது ராட்வீலர் இன நாய் வளர்க்கிறார். அது தடை செய்யப்பட்ட இனம், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர்வீட்டார் மிரட்டுகிறார். நாயை விற்ற தரகரோ, 12,000 ரூபாய் கொடுத்தால் ‘மத்திய அரசு அனுமதி’ வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாரம் இரண்டு நாள் வாசகர் புதுச்சேரியில் தங்கும்போது, நாயைப் பார்த்துக்கொள்வது பதினைந்து வயதான மைத்துனர் மகன்.

ஐயா, தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2024 மார்ச் 12 அன்று மத்தியக் கால்நடைத் துறை ராட்வீலர் உட்பட 23 நாய் இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது உண்மைதான். அடுத்த மாதமே கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்துவிட்டன. நாய்க்கு உரிமம் தருவது உங்கள் உள்ளாட்சி அமைப்பு. உங்களுக்கு அது மாநகராட்சி. புதிய தீர்மானம் ஏதேனும் உண்டா என்பதையும் அங்கேயே நேரில் கேளுங்கள். இத்தகைய ‘அனுமதி’ ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள்: சிங்க முத்திரை வண்ண நகலில் இருந்தது, ஊதா நிற ரப்பர் முத்திரை இருந்தது, கோப்பு எண்ணும் கையொப்பமும் இல்லை. படிவம் இல்லை, அதிகாரி இல்லை, நாளை வாருங்கள் என்று அலுவலகங்களில் மக்களை மேசைக்கு மேசை அலைக்கழிப்பதால்தான் இத்தகைய தரகர்கள் பிழைப்பு நடக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தரகர் பேச்சை மாற்றுவார்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் இருக்கிறது. தம் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி போதிய ஏற்பாடு செய்யத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே இனம் ஒரு பொருட்டே அல்ல. ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையும் உங்களைக் காப்பாற்றாது. நாயின் குணம் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகலாம்.

‘வசம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாயைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் நீங்கள் ஒப்படைத்துச் சென்றால், அந்நேரத்தில் நாய் அவர் வசத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டவர் அவரானால் பொறுப்பும் அவரைச் சேரும். ஆனால் தாழ்ப்பாள் தளர்ந்திருந்ததையோ, முன்பு ஒருவரைக் கடித்ததையோ அவரிடம் மறைத்திருந்தால் நீங்கள் தப்ப முடியாது. பதினைந்து வயதுப் பையனிடம் இவ்வளவு பலமுள்ள நாயை விட்டுச் செல்வதோ, அதுவே உங்கள் அஜாக்கிரதை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் தரும். பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால், வாக்குவாதத்தில் இறங்காமல் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், எங்கும் அனுப்பிவிடக் கூடாது. அப்போது முதலில் கேட்கப்படுவது தடுப்பூசிப் புத்தகம். தேதிக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் கால்நடை மருத்துவரின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தரகர் கொடுத்த புத்தகமானால், தேதி மட்டும் எழுதியிருக்கலாம்.