இத்தாலிய பைக்கை அன்றாடம் ஓட்டலாமா? எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: கோயம்புத்தூரில் பணிபுரிகிறேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஆகிறது. பெங்களூருவில் ஒருவர் தம்முடைய 2018-ம் ஆண்டு டுகாட்டி மான்ஸ்டர் 821 பைக்கை விற்கிறார். வண்டி 14,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. அதை வாங்கி, சைலன்சரை மாற்றி, இ.சி.யு. ரீமேப் செய்து (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்புகளை மாற்றி), சக்தியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு லட்சம் ரூபாய் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். தினசரி ஓட்டத்துக்கு இந்த வண்டி ஒத்துவருமா? பணத்தை எதில் செலவிடுவது?

பதில்: வண்டி ஒத்துவரும். ஆனால் இரண்டு லட்சத்தை நீங்கள் நினைத்திருக்கும் வரிசையில் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்த என்ஜின் ஏற்கெனவே 109 குதிரைத்திறன் தருகிறது. வண்டியின் எடையோ எரிபொருளுடன் சேர்த்து 206 கிலோதான். அவிநாசி சாலையின் காலை நெரிசலில் இதில் பாதிச் சக்தியைக்கூட உங்களால் பயன்படுத்த முடியாது. இந்த வண்டியிலேயே உள்ள ‘அர்பன்’ ஓட்டமுறை சக்தியை 75 குதிரைத்திறனாகக் குறைத்துத் தருவதும் நகரத்துக்காகவே. ஆகவே உங்கள் பணம் முதலில் பராமரிப்புக்கும், அடுத்து டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கும் போகட்டும். சக்தியைக் கூட்டும் வேலை கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் குறையில்லை.

14,000 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறீர்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை ஓடிய தூரத்தைவிடக் கடந்துபோன ஆண்டுகளே முக்கியம். சாதாரண பைக்குகளில் வால்வுகளைச் சங்கிலி இயக்கும், ஸ்பிரிங் மூடும். டுகாட்டியின் டெஸ்மோ என்ஜினில் வால்வைத் திறப்பதற்கு ஒரு நெம்புகோலும் மூடுவதற்கு இன்னொரு நெம்புகோலும் உண்டு. பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-ல் டுகாட்டி பந்தய வண்டியில் கொண்டுவந்த இந்த அமைப்பை அந்த நிறுவனம் பல என்ஜின்களில் இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. மான்ஸ்டர் 821-ல் இந்த நெம்புகோல்களை இயக்கும் தண்டுகளான கேம்ஷாஃப்டுகளைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். 30,000 கி.மீ. அல்லது ஐந்து ஆண்டுகள், இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போது பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பது பராமரிப்பு அட்டவணை. 2018-ம் ஆண்டு வண்டிக்கு அந்தக் கெடு 2023-லேயே முடிந்துவிட்டது. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு ஆகும் செலவு வண்டியின் விலையோடு போட்டி போடும்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்பதே. எண்ணெய் மாற்றம் 15,000 கி.மீ.க்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை என்பதால், குறைவாக ஓடிய வண்டிக்கும் ஆண்டுதோறும் ஒரு சர்வீஸ் பதிவு இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘எல்லாம் பார்த்தாயிற்று’ என்று அவர் சொன்னால், எதுவுமே பார்க்கப்படவில்லை என்று கொண்டு விலை பேசுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளையும், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்புகள் நிலுவையில் உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லலாம். பெல்ட், வால்வு இடைவெளிச் சோதனை, கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில் ஆகிய நான்குக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், அத்தனை வயதான ரப்பர் மழையில் பிடிக்காது. அதற்கும் விலையில் இடம் கேளுங்கள்.

இனி அன்றாட ஓட்டம். இரண்டு சிலிண்டர்களும் 90 பாகைக் கோணத்தில் அமைந்திருப்பதால் பின் சிலிண்டர் ஏறக்குறைய நிமிர்ந்து, உங்கள் தொடைகளுக்கு நடுவில் நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது அதன் வெப்பத்தை நன்றாகவே உணர்வீர்கள். இது பழுதன்று, வடிவமைப்பின் விளைவு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் முழுதாகப் போகாது. ரேடியேட்டர் தகடுகளில் அடைத்திருக்கும் மண்ணை நீக்குவதும், கூலன்டைப் புதிதாக்குவதும், மெல்லிய பேன்ட்டுக்குப் பதில் வண்டி ஓட்டுவதற்கென்றே தைத்த பேன்ட்டை அணிவதும் உதவும். வெயில் காலத்தில் ஒரு மணி நேர நெரிசலைத் தினமும் கடக்க வேண்டியவர் நீங்கள் என்றால், வாங்குவதற்கு முன் அதே நேரத்தில், அதே மாதிரிச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோடைக்கு முன் பேட்டரியையும் சார்ஜிங் மின்னழுத்தத்தையும் ஒருமுறை அளந்துவிடுவதும் நல்லது. சில நாள் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், வீட்டிலேயே மாட்டிவைக்கும் பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான, மிகப் பயனுள்ள பொருள் அதுதான்.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்தும் என்பதால் என்ஜின் தட்டும் என்ற அச்சம் பெரிதாக வேண்டாம். ஆனால் 2018-ம் ஆண்டு வண்டியின் குழாய்களும் ரப்பர் சீல்களும் இ20-ஐ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே டேங்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் தேங்கவிடாமல் ஓட்டித் தீர்த்து நிரப்புங்கள். எரிபொருள் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேம்படுத்துவதில் என் வரிசை இது. நல்ல டயர் ஒரு ஜோடி முதலில். அடுத்து சஸ்பென்ஷன். இந்த வண்டியின் முன் ஃபோர்க்கில் சரிசெய்யும் திருகுகள் இல்லை. பின் ஷாக்கில் ஸ்பிரிங் அழுத்தத்தையும் மீள்வேகத்தையும் மட்டும் மாற்றலாம். உங்கள் எடைக்கேற்பப் பின்புறத்தை அமைப்பதற்குச் செலவே இல்லை, அதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். உங்கள் எடை வழக்கத்தைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால், முன் ஃபோர்க்குக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் புதிய எண்ணெயும் போடுவது வேகத்தடைகளும் பள்ளங்களும் நிறைந்த நம் சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பலன் தரும். மூன்றாவது, முன் ஸ்ப்ராக்கெட், அதாவது சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம். 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால் கியர் விகிதம் ஏறத்தாழ 7 விழுக்காடு குறுகி, தாழ்ந்த வேகத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுப்பது குறையும். மைலேஜும் நெடுஞ்சாலையின் அமைதியும் சிறிது போகும். நகரத்திலேயே ஓட்டுபவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். வார இறுதியில் ஊட்டிக்கும் மைசூருக்கும் போகிறவர் யோசித்துச் செய்யட்டும்.

சைலன்சருக்கு வருகிறேன். வெளிச்சந்தைச் சைலன்சரால் கிடைப்பது பெரும்பாலும் சத்தமும் சில கிலோ எடைக் குறைப்பும்தான். உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிமீறலுக்கான 190-வது பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். காலை ஏழு மணிக்கு உங்கள் தெருவில் உறங்கும் குழந்தைகளையும் முதியவர்களையும் எண்ணிப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ரீமேப் செய்வதானால் அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டில் சிக்கல் வரும். இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வண்டி கர்நாடகப் பதிவு என்பதால், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று பெற்றுத் தந்தால்தான் முழுப் பணமும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வரியையும் கணக்கில் சேர்த்த பிறகே, பெங்களூரு விலை உண்மையில் மலிவா என்று தெரியும். மற்றொன்று: தனிநபரிடம் வாங்கிய பழைய வண்டிக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, அவர் வணிகர் அல்லர். வாங்கும் முன் செய்யும் பரிசோதனைதான் உங்களுக்குள்ள முதன்மையான பாதுகாப்பு.

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். பதினான்கு லட்சம் ரூபாய்க்குப் புதிதாக வாங்கிய இத்தாலிய பைக், உத்தரவாதக் காலத்திலேயே பழுதாகி, ‘உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்’ என்ற ஒரே பதிலுடன் நான்கு மாதமாக சர்வீஸ் மையத்தில் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டியை விட்ட நாளின் ஜாப் கார்டு (பழுதையும் செய்ய வேண்டிய வேலையையும் குறித்த சர்வீஸ் மையச் சீட்டு), உதிரிபாகத்தின் பெயரும் எண்ணும், அது ஆர்டர் செய்யப்பட்ட தேதி ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். விற்பனையாளருக்கு மட்டுமன்றி, இந்தியாவில் அந்தப் பைக்கை இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்கும் அதே மின்னஞ்சலை அனுப்பி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வெளி மெக்கானிக் யாரையும் என்ஜினைத் திறக்க விடாதீர்கள். உத்தரவாதத்தை மறுக்க அது ஒன்றே போதும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஷோரூம், இறக்குமதி நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். வண்டியைச் சரிசெய்து தர வேண்டும் என்பதோடு, அது நின்ற மாதங்களுக்கு உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டும் என்றும், அந்த மாதங்களில் போக்குவரத்துக்குச் செலவிட்டதைத் தர வேண்டும் என்றும் கேளுங்கள். செலவிட்டதற்கான ரசீதுகளை இன்றிலிருந்தாவது எடுத்துவைக்கத் தொடங்குங்கள்.