தூரிகையும் ஊசியும் சோறு போடுமா?

கரூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பி.காம். கடைசி வருஷப் பையன், ராத்திரி ஒரு மணிவரை பழைய வேட்டியில் பெயின்ட் அடித்து அதன்மேல் தையல் போடுகிறான், யூடியூப்தான் குரு, இது பிழைப்புக்கு ஆகுமா என்கிறீர்கள். "ஆம்பளப் பையன் ஊசி நூலோட உட்கார்ந்தா ஊர் என்ன பேசும்" என்ற கவலையை விட்டுவிடுங்கள். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பூர் கலம்காரியில் (துணியில் கையால் ஓவியம் எழுதும் கலை) கோயிலுக்குத் தொம்பை என்ற குழாய் வடிவத் தொங்குதுணி எழுதுகிற ஆண்களை ஊர் ஒன்றும் பேசவில்லை. வருமானக் கவலை வேறு. அது நியாயம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நிறம் சேர்ப்பதில் பையனுக்கு நல்ல கண். ஆனால் மடிப்பில் பெயின்ட் வெடித்திருக்கிறது, ஒரு சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கியிருக்கிறது. அக்ரிலிக் பெயின்ட்டை அப்படியே துணியில் பூசினால் விறைத்துப்போகும், ஊசி இறங்கிய ஓட்டையும் மூடாது. துணிக்கென்று விற்கும் மீடியம் என்ற திரவத்தைப் பெயின்ட்டில் கலந்து, நன்றாகக் காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட வேண்டும். சாயமென்றால் கணக்கே வேறு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்கச் சலவைச் சோடா (சோடா ஆஷ்) தேவை. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைப்பது சாயம் பிடிக்கவும், கோடு பரவாமல் நிற்கவும்தான். தானாகக் கற்றவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்தது விலை. ஒரு சுவர்த்துணியை 900 ரூபாய்க்கு விற்றானாம். துணி, பெயின்ட், நூல் போக அவன் உழைத்த மணிக்கு எவ்வளவு நின்றது என்று அவனையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பி.காம். படித்தவனுக்கு அடக்கவிலை நாம் சொல்லித்தர வேண்டுமா என்ன!

பட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பாதியில் விடக்கூடாது. நிஃப்ட் என்ற மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டு வருஷ எம்.டெஸ். (முதுகலை வடிவமைப்பு) படிப்புக்கு எந்தப் பட்டதாரியும் நுழைவுத்தேர்வு எழுதலாம், வயது வரம்பில்லை. கட்டணம் லட்சங்களில் போகும், யோசித்துக்கொள்ளுங்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஜவுளி வடிவமைப்பு உண்டு, செலவும் குறைவு. ஆனால் மறுபடி நான்கு வருஷ இளங்கலை. உங்கள் வீட்டு நிலைமையில் அதை நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை, முதலில் உள்ளூரிலேயே வேலை. படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும் ஏற்றுமதி செய்கிற ஊரில் இருக்கிறீர்கள். ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் ஒரு வருஷம் இருந்தால் துணி, சாயம், வாங்குகிறவர் கேட்கும் கேள்வி எல்லாம் கைக்கு வரும். சம்பளம் சுமார்தான். ராத்திரி பெயின்ட், தையல் வேலையை அவன் பாட்டுக்குச் செய்யட்டும். கைத்தொழில் மேளாக்களில் கடை கேட்க வசதியாக, மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கட்டும்.

அடுத்த மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே டிசைனை மூன்று வகைத் துணியில் போட்டு, ஒவ்வொன்றிலும் பாதியை வெட்டி ஐந்து தடவை துவைத்து, இரண்டு பாதிகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தத் துணி, எந்த பெயின்ட், எவ்வளவு நேரம் இஸ்திரி என்று பின்னால் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்.