படிக்கட்டில் இறங்கிய விருந்தாளி

கே: அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலை எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஒரு குருவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம். சாயங்காலம் பறந்துவிட்டது. யாராவது வளர்த்ததா? மறுபடி வந்தால் கூண்டு வாங்கலாம் என்கிறான் என் பையன். - வாசகி, நங்கநல்லூர்

ப: வந்தது ஆறுமணிக்குருவி, அம்மா. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே இதற்கு நவரங் என்று பெயர். நீங்கள் மூன்று நிறம் சொல்லிவிட்டீர்கள், மிச்சத்தை அடுத்த முறை எண்ணிக்கொள்ளுங்கள். யாரும் வளர்த்ததில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் வருகிற பறவை. பயணம் ராத்திரியில். களைத்துப்போனால் படிக்கட்டு, குளியலறை, கார் ஷெட் என்று கிடைத்த இடத்தில் இறங்கிவிடும்.

நான் மயிலாப்பூரில் தபால்காரனாக இருந்தபோது முதன்முதலில் இதைப் பார்த்தது ஒரு வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால். மணியார்டருக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். “நேத்து ராத்திரிலேர்ந்து இங்கதான் இருக்கு, பூனை வராம நான்தான் காவல்” என்றார் அந்த வீட்டுப் பாட்டி. கோழி மாதிரி சருகைத் தள்ளித் தள்ளிப் புழு தேடியது. நாங்கள் பேசுவதைச் சட்டை செய்யவே இல்லை. தத்தித் தத்தி வாழை மரத்தடிக்குப் போனது. அன்றைக்கு அந்தத் தெருவுக்கே தபால் அரைமணி தாமதம்.

காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் இந்தப் பெயர். அதற்காகக் கடிகாரத்தோடு உட்காராதீர்கள். விடிகிற நேரம், இருட்டுகிற நேரம், அவ்வளவுதான் கணக்கு. ஏப்ரல், மே வாக்கில் வடக்கே திரும்பிவிடும்.

மறுபடி வந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டைப் போட்டு, அதில் வைத்து மூடி, சந்தடி இல்லாத இடத்தில் விடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறும் வேண்டாம். தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டு விஷயம்: 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வந்த தேதியை எழுதி வைக்கட்டும், அடுத்த அக்டோபரில் ஒத்துப் பார்க்கலாம்.

கே: விடிவதற்கு முன்பே குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. கூவுவது பெண் குயில்தானே? - வாசகர், கே.கே. நகர்

ப: இல்லை சார். கூவுவது ஆண், கன்னங்கரேல், கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்குத் தெரிந்தது ‘கிக் கிக்’ மட்டும்தான். பாட்டு எழுதுகிறவர்கள் செய்த குழப்பம் இது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் காலம் முடியும்வரை கச்சேரி நடக்கும். என்னிடம் வைத்தியம் இல்லை.

கே: வேடந்தாங்கல் போக ஆசை, லீவு கிடைப்பதில்லை. வேறு வழி? - வாசகர், பல்லாவரம்

ப: உங்கள் ஊரிலிருந்து துரைப்பாக்கம் போகிற ரேடியல் ரோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நடுவில்தான் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். கோரைப்புல்லுக்குள் சிவப்பு அலகோடு ஊதா நிறத்தில் நடப்பது நீலத் தாழைக்கோழி. வாலைத் தூக்கித் தூக்கி வெள்ளையைக் காட்டும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கூழைக்கடா தண்ணீரில் தோணி மாதிரி மிதக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டமும் தெரியும். பைனாகுலர் வேண்டாம். எடுத்தால் பக்கத்து சீட்காரர் வாங்கிப் பார்ப்பார், அதற்குள் சதுப்பு நிலம் முடிந்துவிடும்.